பின்வாசல்ல நின்னு கூப்பிடுற பேரு

இன்னொரு தடவ சொல்லுங்கக்கா. இந்த எம்பிராய்டரி மிஷின் சத்தத்துல காதுல சரியா விழல. இருங்க, நிறுத்திடுறேன். ம், இப்ப சொல்லுங்க.

ஹைரம் டாலிவரா.

சரி. ஹைரம் முதல் பேரு, டாலிவர் நடுப் பேரு. குடும்பப் பேரு? பீச்சமா. ஓ, ராய்ஸ் பீச்சம் வீடா. குளத்துக்கு அந்தாண்ட, பச்சைக் கூரை. தெரியும் தெரியும், இந்த ஊர்ல தெரியாம இருக்க என்ன இருக்கு? இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. போன மாசம்தான் மேக்கன் டவுன்ல இருந்து குடி வந்தாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு நாய் வேற கொண்டாந்திருக்காங்கல்ல? அது குரைச்சா என் கடைப் பின்வாசல் வரைக்கும் கேக்குது. அப்ப நீங்கதான் அவரோட மாமியாரு. ஒஹாயோவுல இருந்து வந்திருக்கீங்க.

உக்காருங்கக்கா, நின்னுக்கிட்டே பேசினா எப்படி? அந்தத் துண்டையெல்லாம் தள்ளி வச்சிட்டு உக்காருங்க. கல்யாணத்துக்குக் குடுக்குற துண்டுதான், ரெண்டு பேரு எழுத்தையும் கோத்துப் போட்டிருக்கேன். கசங்கினா கசங்கட்டும். அந்தக் கல்யாணமே எத்தனை நாளைக்குன்னு தெரியல. பையில இருக்குறது ஞானஸ்நான கவுனா? இருக்கட்டும், பைய அப்புறம் பிரிக்கலாம். பிள்ளை பொறந்தாச்சா?

அடுத்த மாசமா. நல்லவேளை.

இல்ல, ஏன் நல்லவேளைங்கறேன்னா, இன்னும் மாத்தலாம் பாருங்க.

கோச்சுக்காதீங்க. இந்த ஊர்ல யார் வீட்ல பையன் பொறந்தாலும் அந்தப் பேரு மொதல்ல என் ஊசிக்குக் கீழதான் வரும். பாஸ்டர் வாய்க்கே அப்புறம்தான் போகும். கவுன்ல, போர்வையில, துண்டுல, பள்ளிக்கூடப் பையில, எல்லாத்துலயும் பேரு போட்டாத்தான் இங்க பிள்ளைய நம்புவாங்க. அதனால நான் வாய மூடிக்கிட்டு தைக்கிற ஆளு இல்ல. போன வாரம் ஒருத்தி வந்தா. மூத்தவன் ஜாக்ஸ்டன், அடுத்தவன் பாக்ஸ்டன், இப்ப வயித்துல இருக்கறவன் டாக்ஸ்டனாம். சாப்பிட வாங்கடான்னு கூப்பிட்டா எவன் வருவான்? அந்த வீட்டு நாய்க்குப் பேரு கென்னத். நாய்க்கு மனுசப் பேரு வச்சிட்டாங்க, மனுசனுக்கு மருந்துப் பாட்டில்ல இருக்குற பேரு. அதுக்கு முந்தி ஒருத்தன், வேட்டைக்குப் போறவன், மகனுக்கு கன்னர்னு போடச் சொன்னான். துப்பாக்கி சுடறவன்னு அர்த்தமாம். அந்தப் பிள்ளைய நான் பாத்தேனே, மூக்கு ஒழுகிக்கிட்டு அம்மா பாவாடையப் புடிச்சிக்கிட்டு நிக்குது. அது யாரச் சுடப்போகுது?

அதுக்கெல்லாம் சிரிங்க, தாராளமா சிரிங்க. ஆனா உங்களோடதும் ஒண்ணும் லேசுப்பட்டது இல்ல. ஹைரம்னா என்னக்கா பேரு? பொறக்கும்போதே முழங்கால் வலியோட பொறக்குற மாதிரி. தொட்டில்ல எட்டிப் பாத்தீங்கன்னா, என் பல்செட்ட எங்க வச்சீங்கன்னு கேப்பான்.

மாப்பிள்ளையோட தாத்தா பேரா. சரி, அது நெஜம்தான், ஹைரம் பீச்சம்னு ஒருத்தரு இருந்தாரு. கல்லறைத் தோட்டத்துல மொத வரிசை. கடன் குடுக்காதவரு, சிரிக்காதவரு. பேரு வைக்க வேற ஆளே கெடைக்கலயாக்கும். அது போகட்டும், தாத்தா பேரு வைக்கிறது அவரு உரிமை, நான் ஒண்ணும் சொல்லல.

டாலிவர் யாரு?

ஏன் கேக்குறேன்னா, எங்க பக்கம் நடுப் பேருக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. அம்மா பொறந்த வீட்டுக் குடும்பப் பேரைத்தான் பையனுக்கு நடுவுல வைப்போம். கல்யாணம் ஆனதும் பொண்ணு தன் வீட்டுப் பேரத் தொலைச்சிட்டு வந்துடுறால்ல, அதக் கொண்டு போயி மகன் பேருக்கு நடுவுல ஒளிச்சு வைக்கிறது. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது பாருங்க. உங்க வீட்டுக்காரரு குடும்பப் பேரு என்ன? நோவாக். அப்ப ஹைரம் நோவாக் பீச்சம்னுல இருக்கணும்? உங்க பொண்ணு அத யோசிக்கவே இல்லையா? ஒஹாயோவுல அப்படி ஒரு வழக்கமே கெடையாதா? என்னதான் பண்றீங்களோ அங்க, பனி வழிச்சுக் கொட்டுறதத் தவிர.

அப்ப டாலிவர மாப்பிள்ளைதான் சொன்னாரா.

எங்க குடும்பத்துல பழைய பேருன்னு சொன்னாரா. ம். யாரோட பேராம்? சித்தப்பாவா, பெரியப்பாவா, போர்ல செத்த யாராச்சுமா? ஞாபகம் இல்லையாம். ஆனா சின்ன வயசுலேருந்து காதுல கேட்டுக்கிட்டே இருக்காராம். நல்லாருக்கு கதை. அக்கா, பீச்சம் வம்சம் மொத்தமும் அந்தக் கல்லறைத் தோட்டத்துல வரிசையாப் படுத்திருக்கு. ஈஸ்டருக்கு ஈஸ்டர் பூ வைக்கப் போறப்ப ஒவ்வொரு கல்லா படிச்சிருக்கேன். அந்த வரிசையில ஒரு டாலிவரும் இல்ல. டாலிவருங்க வேற பக்கம், வேலியோரமா, பெக்கான் மரத்தடியில.

ஆமா, இருந்தாங்க. பெக்கான் தோட்டம் வச்சிருந்தவங்க. பெரிய பணக்காரங்க எல்லாம் இல்ல, கொட்டை பொறுக்கிப் பொறுக்கி முதுகு வளைஞ்சவங்க. இப்ப ஒரே ஒரு ஆளுதான் மிச்சம். வாய்க்கொழுப்பு புடிச்ச ஆளு. அந்தப் பேச்சு நமக்கெதுக்கு, விடுங்க.

இந்தாங்க, டீ குடிங்க. ஐஸ் நெறயா போட்டிருக்கேன். இனிப்பா? டீன்னா இனிப்பாத்தான் இருக்கும். இல்லாட்டி அது வெறும் பழுப்புத் தண்ணி.

சரி, கூப்பிட்டுப் பாத்தீங்களா? பேரத்தான். பின்வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பாக்கணும்க்கா, அதுதான் பரீட்சை. படுக்கையில படுத்துக்கிட்டு நல்லாருக்கு கம்பீரமா இருக்குன்னு உங்க பொண்ணு சொல்லிட்டா ஆச்சா? டாக்டர் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாரு, பாவம், அதுக்காக பேர யாரும் கூப்பிட்டுப் பாக்காம விட்டுடறதா? முதல் பேரு மட்டும் கூப்பிட்டா சாப்பாட்டுக்குக் கூப்பிடறாங்கன்னு அர்த்தம். ரெண்டையும் சேத்துக் கூப்பிட்டா தோலு உரியப் போகுதுன்னு அர்த்தம், பிள்ளைங்க எங்க இருந்தாலும் அப்படியே நின்னுடும். மூணையும் சேத்துப் பேப்பர்ல போட்டுட்டான்னா ஒண்ணு செத்திருக்கான், இல்ல யாரையோ சுட்டிருக்கான். எந்திரிங்க, இப்பவே பாத்துடலாம். கதவு தெறந்துதான் கெடக்கு. பாத்து, ரெண்டாவது படியில பலகை ஆடும்.

ஹைரம் டாலிவர்! ஏய், ஹைரம் டாலிவர்! வீட்டுக்கு வாடா!

கேட்டீங்களா? பாதி வழியிலயே விழுந்துடுச்சு. குளத்தக்கூடத் தாண்டல. இந்தப் பேர வச்சுக் கூப்பிட்டா பையன் அந்தப் பக்கமே குடும்பம் நடத்திட்டு பேரப்பிள்ளையோடதான் திரும்பி வருவான்.

என்ன? ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளா யாரையும் கத்திக் கூப்பிட்டதில்ல, அதான். உள்ள வாங்க, கொசு புடுங்குது.

இப்ப ஹைரம் நோவாக்னு சொல்லிப் பாருங்க. பாருங்க, எப்படிக் கச்சிதமா நிக்குது. உங்க வீட்டுக்காரரு போயி எத்தனை வருஷமாச்சு? அட, போன வருஷம்தானா. மன்னிச்சுக்கோங்க, கேட்டிருக்கக் கூடாது. ஆனா அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு ஆம்பளப் பிள்ளை இருக்கா? இல்லல்ல. அப்ப நோவாக்ங்கற பேரு உங்களோட முடியுது. அந்த மனுசன் பேரு பேரன்கிட்ட இருக்க வேண்டிய எடத்துல, எவன்னே தெரியாத ஒருத்தன் பேரு உக்காந்திருக்கு. உங்க பொண்ணுக்கு இது தோணல, சின்னப் பொண்ணு. உங்களுக்குத் தோண வேணாமா? மாப்பிள்ளை சொல்லிட்டாருன்னா எல்லாத்துக்கும் தலையாட்டிடுவீங்களா?

நல்லவருதான். நான் கெட்டவருன்னு சொன்னேனா? சாப்பிட்டு முடிச்ச தட்டக் கழுவுத் தொட்டிக்குப் பக்கத்துல வைப்பாரு, தொட்டிக்குள்ள வைக்கமாட்டாரு. ஒரு கதவையும் முழுசா சாத்தமாட்டாரு. சண்ட வந்தா கத்தமாட்டான், வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி ஆத்தங்கரையில தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்துடுவான், மீனும் கொண்டாரமாட்டான். கத்தமாட்டாரு, கொண்டாரமாட்டாருன்னு சொல்ல வந்தேன்.

எனக்கெப்படித் தெரியுமா? ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தானக்கா. வேணும்னா தொட்டியப் போயிப் பாருங்க.

அது சரி, எம்பிராய்டரிக்கு எங்க போகச் சொன்னாரு? அதானே. பக்கத்து ஊருக்குப் போங்கன்னாரா? இங்க வேணாம்னாரா? இங்க தச்சா நூல் பிரிஞ்சிடும்னு சொன்னாராக்கும். என் கையில தச்சது பிரிஞ்சதே கெடையாது, பிரிஞ்சதெல்லாம் வேற. நீங்களும் கடை பக்கத்துலயே இருக்குன்னு வந்துட்டீங்க. வந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி அந்தப் பக்கத்து ஊருக்காரி என்ன பேரு குடுத்தாலும் வாயத் தெறக்காம அடிச்சுக் குடுத்திருப்பா.

மொத சம்சாரம்? ஆமா, இருந்தா. அவரே சொல்லியிருக்காரா? பரவால்லயே. என்ன சொன்னாரு? குழந்தை தங்கல, ஒத்துவரல, அப்புறம் அவ ஃப்ளோரிடா பக்கம் போயிட்டா. ஃப்ளோரிடாவா.

போனா. அவ சித்தி வீட்டுக்கு, ஒரு குளிர்காலம். அங்க வயசானவங்க எல்லாம் குட்டை டவுசர் போட்டுக்கிட்டு பேட்டரி வண்டியில திரியுறாங்க. அதப் பாக்கச் சகிக்காம திரும்பி வந்துட்டா. அவருதான் அப்ப மேக்கன்ல இருந்தாரே, அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் என்ன?

இந்த நூல் பாருங்க, சிக்கிக்கிச்சு.

என்ன சொன்னீங்க? பொண்ணுகிட்ட பேசுறீங்களா. போன் பண்றீங்களா, பண்ணுங்க பண்ணுங்க. நான் நூல் எடுத்து வைக்கிறேன்.

ம். என்ன சொல்றா? அழுதுட்டாளா? அப்பா பேருன்னதும் அழுதுட்டாளா. ராய்ஸ் ஒண்ணும் சொல்லமாட்டாரு, அவருக்கு எதுன்னாலும் சம்மதந்தான்னு சொல்றாளா. ஆமா, அவரு அப்படித்தான், எதுக்கும் சண்ட போடமாட்டாரு. அப்ப முடிவாயிடுச்சு. ஹைரம் நோவாக். டாலிவர் வேணாம்.

நல்லது. ரொம்ப நல்லது. குடுங்க கவுன. துணி நல்லா இருக்கு, உங்க ஊர்ல வாங்கினதா? வெள்ளையில வெள்ளை நூல்தான் எடுக்கும், நீலமெல்லாம் வேணாம், கண்ணக் குத்தும். வளையத்துல மாட்டிடுறேன். எச் பெரிசா, அப்புறம் வரிசையா. நோவாக். என், ஓ.

இருங்க.

ஒரு நிமிஷம் இருங்கக்கா. மிஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கை வரல. அந்த முக்காலிய இப்படித் தள்ளுங்க, மேல் தட்டுல ஒரு பெட்டி இருக்கு. இல்ல, நானே எடுத்துக்கிறேன், நீங்க ஏற வேணாம். தூசி. இந்தாங்க, தெறங்க. மேல இருக்குற தாள எடுத்துட்டுப் பாருங்க.

கவுன்தான். கை வேலை, மிஷின் இல்ல. அப்ப மிஷின் வாங்கல. கீழ ஓரத்துல எழுதியிருக்கிறதப் படிங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க.

ஆமா. அதேதான். ஹைரம் டாலிவர் பீச்சம்.

இப்ப எப்படித் தச்சிருப்பேன், நீங்க வந்தே ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆச்சு. நூல் பழுப்பேறியிருக்கு பாருங்க. வயித்துல நாலாவது மாசம் ஆரம்பிச்சேன். அஞ்சாவது மாசம் பிள்ளை கலைஞ்சிடுச்சு. அடுத்ததும் அப்படித்தான். பேரு மட்டும் மாறல. நானும் ராய்ஸும் ராத்திரி சாப்பிட்டுட்டு பின்வாசப்படியில உக்காந்துக்குவோம். ஹைரம் டாலிவருக்கு நீச்சல் சொல்லித் தரணும், ஹைரம் டாலிவர் வந்தா அந்த வேலிய உயர்த்தணும், ஹைரம் டாலிவருக்கு உன் காது வராம இருந்தா சரின்னு இதே பேச்சு. பேசிப் பேசி அவன் நாக்குல ஒட்டிக்கிச்சு. அவன் திருடிட்டான்னு நான் சொல்லமாட்டேன்க்கா. அவன் நெஜமாவே தன் வீட்டுப் பேருன்னு நெனச்சிருப்பான். பையன்னா அவனுக்கு வேற பேரே தெரியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். மறந்துட்டுப் போனவன் ஒழுங்கா முழுசா மறக்க வேணாமா? என்ன மறந்துட்டான், எங்கப்பா பேர மட்டும் பத்திரமா எடுத்துக்கிட்டுப் போயிருக்கான்.

வெர்லீன். கடைப் பலகையில வெறும் வெர்லீன்னுதான் போட்டிருக்கு. மீதிய எழுத எடமில்ல. வெர்லீன் டாலிவர். கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சதும் பொறந்த வீட்டுப் பேர திரும்ப வாங்கிக்கிட்டேன். எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதான். வாய்க்கொழுப்பு புடிச்ச ஆளு மிச்சம்னு சொன்னேனே.

அய்யய்யோ, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க? உக்காருங்க. உங்க மேல எனக்கு என்ன கோவம்? நீங்க பேர உச்சரிச்சதுமே எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சிச்சு. எப்படியாவது உங்க வாயாலயே வேணாம்னு சொல்ல வைக்கணும்னுதான் இவ்வளவு நேரம் கரிச்சுக் கொட்டினேன். பல்செட்டு, முழங்கால் வலின்னு. எங்கப்பா பேர எவளோ பெத்த பிள்ளை சுமக்கறதான்னு இருந்திச்சு. நீங்களும் பாவம், சரின்னுட்டீங்க. நான் ஜெயிச்சிட்டேன். எடுத்து ஊசியில நூலும் கோத்துட்டேன். அப்பத்தான் தோணிச்சு, இத நான் தச்சு முடிச்சிட்டா அப்புறம் டாலிவர்னு கூப்பிட இந்த உலகத்துல ஒரு பையனும் கெடையாது.

இல்ல, உங்க வீட்டுக்காரரு பேர எடுத்துடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் பொண்ணு அப்பாவ நெனச்சு அழுதிருக்கா. உங்க கவுன்ல நோவாக் போட்டே தர்றேன், நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கோங்க. இந்தக் கவுனையும் எடுத்துக்கிட்டுப் போங்க. நடுவுல ரெண்டு பேரு இருந்தா பாஸ்டர் என்ன அடிக்கவா போறாரு? ஹைரம் நோவாக் டாலிவர். நீளந்தான். அந்தக் கன்னருக்கு இது தேவலாம். வைக்கிறதும் வைக்காததும் உங்க பொண்ணு இஷ்டம். யாரு பேருன்னு மட்டும் அவகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. அவ வேணாம்னா பெட்டிய வாசல்ல வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கிறேன்.

வெந்நியில போட்டுறாதீங்க, பச்சத் தண்ணிதான். வெயில்ல காயப் போடாதீங்க.

அப்புறம் அந்தக் குளம் விஷயம். பாதி வழியில விழுந்துடுச்சுன்னு சொன்னேன்ல, அது பொய். அந்தாண்ட கரையில உங்க வீட்டு நாய் எந்திரிச்சு நின்னு இந்தப் பக்கம் பாத்துச்சு, நீங்க கவனிக்கல. இத்தனை வருஷத்துல அந்தப் பேரப் பேசியிருக்கேன், தச்சிருக்கேன், ஒரு தடவ கூட கூப்பிட்டதில்ல. இன்னிக்குத்தான் கூப்பிட்டேன்.

அந்த வீட்டுப் பின்வாசல் எனக்குத் தெரியும். சாயந்தரம் உங்க பொண்ணு அங்க நின்னு பிள்ளையக் கூப்பிட்டான்னா, காத்து இந்தப் பக்கம் அடிச்சா, இங்க கேக்கும்.